வீட்டுக்கு டிவி, ஊருக்கு புரொஜக்டர்!

"நாற்பத்து மூணு இன்ச் டிவி வாங்குற காசுல, நூறு இன்ச் படம் காட்டுற புரொஜக்டரே வாங்கிடலாமே!"

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் தீபாவளி, பொங்கல் வந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. 43 இன்ச் டிவியைவிட 100 இன்ச் திரைக்குப் பரப்பளவு ஐந்து மடங்குக்கும் அதிகம். இன்டர்நெட் கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே புரொஜக்டர் கிடைக்கிறது. டப்பாவில் '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறான். பிறகு ஏன் டிவிக்கு முப்பதாயிரம் அழ வேண்டும்?

அழத்தான் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. அதே சமயம், புரொஜக்டர் மட்டமான பொருள் என்பதல்ல வாதம். அது இருக்க வேண்டிய இடம் வேறு. தனி வீட்டின் முன்னறையில் அது தோற்கிறது. ஊர்ப் பொது இடத்தில், ராத்திரி நேரத்தில், அதை எந்த டிவியாலும் ஜெயிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பலரும் இரண்டையும் தப்பான இடத்தில் வாங்கி வைக்கிறார்கள். அதில் காசும் போகிறது, வேறு ஒன்றும் போகிறது. அந்த வேறொன்றைக் கடைசியில் பார்க்கலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். திருவக்கரை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்களால் தெரிந்த ஊர். ஒன்று, வக்கிரகாளியம்மன் கோயில். இன்னொன்று, சுமார் 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது அந்தப் பக்கம் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்: கல்குவாரி, கிரஷர், லாரி, அவை கிளப்பும் தூசி. டிவியா புரொஜக்டரா என்ற கேள்விக்கும் தூசிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறையவே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை

தமிழ்நாட்டு கிராமத்துக்குப் படம் வந்தது புரொஜக்டர் வழியாகத்தான். 1905-ல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பின்னால் டூரிங் டாக்கீஸ்கள் வந்தன. மணல் தரை, கூடாரம், இருட்டியதும் ஆட்டம். ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது.

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் கிராமத்தில் டிவி என்றால் ஊராட்சி டிவிதான். ஒரு சின்ன அறை, அதில் ஒரு பெட்டி, வாசலில் கூட்டம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே கூடும்.

பெரிய திருப்பம் 2006-ல் வந்தது. அன்றைய தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அடுத்த வீட்டு ஜன்னல் ஓரம் நின்று பார்த்து, "போங்கடா வெளியே" என்று திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும். திட்டத்தைக் கிண்டல் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. எல்லா வீட்டிலும் பெட்டி வந்ததும், பல ஊர்களில் ஊராட்சி டிவி அறைக்குப் பூட்டு விழுந்தது.

இப்போது அந்த 14 இன்ச் பெட்டி பரணில் கிடக்கிறது. சுவரில் 32 இன்ச்சோ 43 இன்ச்சோ தட்டை டிவி. அடுத்த ஆசை, 100 இன்ச்.

புரொஜக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது

இந்தச் சண்டை முழுவதையும் தீர்த்துவைக்கும் ஒரே விஷயம் இதுதான். டிவி தானே ஒளிரும் பொருள். புரொஜக்டர் அடுத்தவன் சுவரில் வெளிச்சத்தை அடிக்கும் பொருள். வெளிச்சத்தைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. படத்தில் கறுப்பு வரும் இடத்தில் புரொஜக்டர் வெளிச்சம் அடிக்காமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் தெரிவது சுவர். அறையில் ட்யூப்லைட் எரிந்தால், ஹீரோவின் கறுப்புச் சட்டை சுவரின் வெளிர் பச்சையாகத்தான் தெரியும்!

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 100 இன்ச் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். மலிவு புரொஜக்டர்களின் உண்மையான வெளிச்சம் 200 ஆன்சி லூமன் அளவில்தான் இருக்கும். அந்த 200-ஐத் திரை முழுக்கப் பரப்பினால் 72 லக்ஸ். வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புவது ஏறத்தாழ 23 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு நிட்). சினிமா தியேட்டருக்கு வகுத்த அளவு 48 நிட். அதில் பாதிகூட இல்லை. ஒரு சாதாரண எல்.ஈ.டி. டிவியே 250 நிட் அளவில் இருக்கும்.

இதில் அறை வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டும். பகலில் ஜன்னல் திறந்த அறையில் சுவரில் 100 லக்ஸ் விழுவது சர்வ சாதாரணம். அதுவே 32 நிட். ஆக கறுப்பு 32 நிட், வெள்ளை 55 நிட். கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை! அது படமல்ல, வெளுத்த சாயம். இதே அறையில் 2000 லூமன் உள்ள நல்ல புரொஜக்டரை வைத்தாலும் வித்தியாசம் சுமார் எட்டு மடங்குதான். டிவியில் அதே வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் நிற்கும். டிவியின் முகப்பு அடர்நிறமாக இருப்பதால், அறை வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கையே அது திருப்பி அனுப்புகிறது.

"கதவைச் சாத்திக்கிட்டுப் பார்த்தா?" என்று கேட்கலாம். சித்திரை, வைகாசியில் திருவக்கரையில் பகல் இரண்டு மணிக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் படம் பார்க்கட்டும். இடைவேளை வரை யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்போம்!

புரொஜக்டரில் எத்தனை சாதி?

முக்கியமாக மூன்று.

முதலாவது டி.எல்.பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய சில்லுதான் இதன் உயிர். விரல் நகம் அளவுள்ள அந்தச் சில்லில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்ந்து வெளிச்சத்தைத் திரைக்கோ ஓரத்துக்கோ தள்ளும். ஒற்றைச் சில்லு மாடலில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் சிலர் கண்ணுக்கு வானவில் கீற்று தெரியும்.

இரண்டாவது எல்.சி.டி. எப்சன் வகையில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று தகடுகள். நிறம் நன்றாக இருக்கும், வானவில் தொல்லை கிடையாது. மலிவு ரகத்தில் ஒரே தகடு, பின்னால் ஒரு எல்.ஈ.டி. விளக்கு, குளிர்விக்க ஒரு ஃபேன்.

மூன்றாவது எல்காஸ். சோனி, ஜே.வி.சி. தயாரிப்பவை. மூன்றிலும் கறுப்பு நன்றாக வருவது இதில்தான். விலை லட்சங்களில் என்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

இப்போது தூசிக்கு வருவோம். புரொஜக்டரைக் குளிர்விக்க ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு கிரஷர் தூசியும் போகும். மலிவு எல்.சி.டி. ரகத்தில் ஒளிப்பாதை சரியாக மூடப்பட்டிருக்காது. தகட்டில் ஒரு துகள் உட்கார்ந்தால் போதும், லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கதாநாயகி கன்னத்தில் மருவாகக் காட்டிவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சூடு ஏறும், விளக்கின் ஆயுள் குறையும். பழைய வகை விளக்கு வைத்த புரொஜக்டர் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போவதும் அதற்கு ஆகாது. ஃபேன் நின்றுவிடும், விளக்கு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். டிவிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. துணியால் துடைத்தால் முடிந்தது.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். விளக்கு புரொஜக்டர் 280 வாட், 43 இன்ச் டிவி 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் புரொஜக்டர் 84 யூனிட் தின்னும், டிவி 24 யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை அளவுகோலாக வைத்தால், கிட்டத்தட்ட முழுவதையும் புரொஜக்டர் ஒன்றே விழுங்கிவிடும்.

இடமும் ஒரு பிரச்சனை. சாதாரண லென்ஸ் உள்ள புரொஜக்டருக்கு 100 இன்ச் படம் விழ, சுமார் 11 அடி தூரம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு முன்னறையில் புரொஜக்டரைப் பின்சுவரில் ஒட்டித்தான் வைக்க வேண்டும். அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் போகிறவர்கள் எல்லோரும் படத்தில் நிழலாக நடிப்பார்கள்.

டிவி மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. டிவிக் கடையிலும் ஏமாற இடம் நிறைய உண்டு.

'எல்.ஈ.டி. டிவி' என்று விற்பதெல்லாம் எல்.சி.டி. டிவிதான். பின்னால் இருக்கும் விளக்குதான் எல்.ஈ.டி. 'கியூஎல்ஈடி' என்பதும் அதேதான், நடுவில் குவாண்டம் டாட் என்னும் நுண்துகள் படலம் ஒன்று கூடுதல். (அந்தத் துகள்களுக்காகத்தான் 2023-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். சரக்கு உண்மைதான், கடைக்காரர் பேச்சுதான் கொஞ்சம் அதிகம்.) ஓஎல்ஈடி மட்டும் அசல் வேறு ரகம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால் கறுப்பு என்றால் கறுப்பு. ஆனால் ஒரே சேனல் லோகோவை மாதக்கணக்கில் காலை முதல் இரவு வரை ஓட்டினால் அந்தத் தடம் திரையில் பதியும் வாய்ப்பு உண்டு. சீரியல் ஓடும் வீட்டுக்கு அது கொஞ்சம் ஆபத்து. ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த பிளாஸ்மா இப்போது இல்லை. பானசோனிக், சாம்சங், எல்ஜி மூன்றும் 2013, 2014-ல் அதை நிறுத்திவிட்டன.

அடுத்தது புள்ளிக் கணக்கு. ஃபுல் எச்.டி. என்றால் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே என்றால் அதில் நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். ஆனால் கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளையே நல்ல கண்ணால்கூடப் பிரித்துப் பார்க்க முடியாது. 43 இன்ச் டிவிக்கு அந்தத் தூரம் ஐந்தரை அடி. எட்டடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் 4கே என்பது பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், அவ்வளவே.

இதையும் தாண்டி ஒரு வேடிக்கை. வீட்டுக்கு வருவது கேபிளின் சாதாரண எஸ்.டி. சேனலாக இருந்தால், அதில் இருப்பது 720 பெருக்கல் 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே டிவியில் இருப்பதில் சரியாக இருபதில் ஒரு பங்கு! மீதி பத்தொன்பது புள்ளிகளை டிவியே குத்துமதிப்பாகப் போட்டு நிரப்புகிறது. எஸ்.டி. கேபிளை வைத்துக்கொண்டு 4கே டிவி வாங்குவது, சொம்புத் தண்ணீரை ஊற்ற லாரி டேங்கர் வாங்குவது மாதிரி. எச்.டி. பேக்குக்கோ, நல்ல இன்டர்நெட்டுக்கோ மாதாமாதம் காசு கட்ட முடியுமா என்று யோசித்துவிட்டுத்தான் திரைக்குப் போக வேண்டும். இதே சிக்னலை 100 இன்ச் சுவரில் அடித்தால் கதி என்ன என்பதைச் சொல்லவே வேண்டாம். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அந்த '4கே சப்போர்ட்' ஜாலத்துக்கும் இதுதான் விடை. 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், 4கே-வாகக் காட்டும் என்றல்ல. கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ன? 'ஆன்சி லூமன்' எத்தனை? வெறும் 'லூமன்' என்று ஆயிரக்கணக்கில் போட்டு, ஆன்சி என்ற சொல்லே இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

ஆக வீட்டுக்கு எது? 32 அல்லது 43 இன்ச், ஃபுல் எச்.டி.யோ 4கே-வோ, ஒரு சாதாரண நல்ல கம்பெனி டிவி. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புரொஜக்டருக்கும் அதே குறைப்புத்தான். எனவே வரியைக் காட்டி யாரும் ஆசை காட்ட முடியாது. மிச்சம் காசிருந்தால் ஒரு நல்ல ஸ்பீக்கர். தமிழ்நாட்டில் 'ஹோம் தியேட்டர்' என்றாலே ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பூஃபரும்தானே. அந்தப் புரிதல் பெரிய தப்பும் இல்லை, பாதி சினிமா காதில்தான் இருக்கிறது.

புரொஜக்டர் ஜெயிக்கும் இடம்

இனிதான் முக்கியமான விஷயம். அதே கணக்கை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போவோம். ராத்திரி ஏழரை மணி. பள்ளிக்கூட மைதானம். 12 அடி அகல வெள்ளைத் துணி. பரப்பு சுமார் 7.5 சதுர மீட்டர். பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் சாதாரணமாக இருக்கும் 3000 லூமன் புரொஜக்டரை அதில் அடித்தால் கிடைப்பது சுமார் 127 நிட். தியேட்டர் அளவான 48-ஐவிட இரண்டரை மடங்கு!

திருவக்கரை என்றதும் பௌர்ணமிக் கூட்டம் ஞாபகம் வருபவர்கள், "நிலா வெளிச்சத்துல படம் தெரியுமா?" என்று கேட்கலாம். முழு நிலவு தரும் வெளிச்சம் அதிகபட்சம் கால் லக்ஸ் அளவுதான். அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். பக்கத்துத் தெருவிளக்கை மட்டும் அணைத்தால் போதும். வீட்டுக்குள் புரொஜக்டரைக் கொன்ற அதே கணக்கு, வெளியே அதைத் தியேட்டர் ஆக்கிவிடுகிறது.

இதே 12 அடிக்கு டிவி வாங்க முடியாது. திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டங்களில் வைக்கிறார்களே, அந்த எல்.ஈ.டி. வால் ஒன்றுதான் போட்டி. பகலிலும் பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் அதை ஏற்றி இறக்க வண்டி வேண்டும், கோர்க்க ஆள் வேண்டும், வாடகை வேண்டும். 'பி4' ரகத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளி. முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்குப் படம் தெரியாது, பல்புதான் தெரியும். புரொஜக்டரை ஒரு வாத்தியார் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. 2022-ல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த நல்ல காரியம் பள்ளி மணி அடித்ததோடு நிற்க வேண்டிய அவசியம் என்ன? மாதம் ஒரு ராத்திரி அதே புரொஜக்டரை மைதானத்துக்குக் கொண்டுவந்தால், பெற்றோரும் தாத்தா பாட்டியும் பிள்ளைகளோடு உட்காரலாம். படத்துக்கு உரிமம் வாங்க வேண்டியது உண்மைதான். சினிமாப் படம்தான் காட்ட வேண்டும் என்று இல்லையே. விவசாயம், உடல்நலம், பரீட்சைக்கான பாடம், உலகக் கோப்பை வந்தால் ஒரு மேட்ச். 2 கோடி வருஷக் கல்மரம் பக்கத்திலேயே கிடக்கிறது. மரம் எப்படிக் கல்லானது என்று விளக்கும் ஒரு அரைமணி நேரப் படத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளே செல்போனில் எடுத்து, அந்த ஊர்த் துணியிலேயே காட்டலாம்.

"எல்லார் கையிலும் போன் இருக்கு, யார் வரப்போறா?" என்பதுதான் இதற்கு வரும் பெரிய மறுப்பு. மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் தியேட்டருக்கு முதல் நாள் முதல் ஷோ போகிறவர்கள் வீட்டில் போன் இல்லாதவர்களா? பக்கத்தில் நூறு பேர் சிரிக்கும்போது வரும் சிரிப்பு போனில் வராது. அதைத் தேடித்தான் போகிறார்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் 'வேறு ஒன்றும் போகிறது' என்றது இதைத்தான். 14 இன்ச் பெட்டி வந்தபோது ஏழை வீட்டுக்கு ஒரு கௌரவம் வந்தது. அதைத் திரும்பப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை, தேவையும் இல்லை. வீட்டில் டிவி இருக்கட்டும். ஆனால் அதோடு காணாமல் போன பொதுத்திரை ஒன்று இருந்தது. எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே மணலில் உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய். பல ஊர்களில் ஊராட்சி டிவி வாசலிலேயே தெருவுக்கு ஒரு மூலை இருந்தது. ஆனாலும் ஒரே நேரத்தில், ஒரே படத்தை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பார்த்தார்கள். சரி பண்ண ஒரு இடமாவது இருந்தது. இன்று ஒரே வீட்டிலேயே நாலு பேர் நாலு திரை பார்க்கிறார்கள்.

100 இன்ச் திரை தனி வீட்டுக்கு ஆடம்பரம், அதுவும் சரியாகத் தெரியாத ஆடம்பரம். ஊருக்கு அது அவசியம், விலையும் மலிவு. ஐம்பது வீடுகள் ஆளுக்கு ஒரு மலிவு புரொஜக்டர் வாங்கி ஏமாறுவதைவிட, அந்த ஐம்பது வீடுகளும் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்கினால் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். வெள்ளைத் துணி தையல்காரரிடமே கிடைக்கும். இருட்டுக்கு விலை கிடையாது.